நபிந்து மூன்று தரம் வந்தாள்

என் மார்த்தா அக்காவுக்கு,

நீங்கள் காத்திருந்த கடிதம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிப் பதினோராம் நாள், உங்கள் வீட்டை ஒதுக்கிக் கொடுக்கப் போனபோது, கீழே தபால் பெட்டிக்குள் கிடந்தது. தடித்த பழுப்பு உறை. பெல்ஜியத்து முத்திரை. உங்கள் பெயர், உங்கள் விலாசம். வாங்கத்தான் ஆள் இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேல்மாடிக்காரி "பொன்ஜூர்" சொல்லிவிட்டுப் போனாள். பதில் சொன்னேனா என்றும் நினைவில்லை.

நீங்கள் தமிழ் வாசிக்கமாட்டீர்கள் என்று தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டது உங்கள் நல்ல பிரெஞ்சும் என் உடைந்த பிரெஞ்சும். நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு அந்த மொழி எனக்குப் போதாது. நீங்கள் சொன்னவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் குரலை என் மனம் எப்போதும் அப்படித்தான் கேட்டது.

நாங்கள் சந்தித்தது மொன்றியல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அந்தக் குளிர்ந்த மண்டபத்தில். நான் மன்னாரிலிருந்து வந்து ஆறு மாதம். தலையில் வலைத்தொப்பி, கையில் இரண்டு சோடி கையுறை, காதுக்குப் பாதி விளங்கினாலும் வாயில் ஒரு சொல் பிரெஞ்சும் இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று, தட்டில் முள்ளுக்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினீர்கள். என் அட்டையில் இருந்த பெயரை வாசித்தீர்கள். ஸ்ரெல்லா குரூஸ்.

"குரூஸ் எண்டால் போர்த்துக்கீசப் பேரெல்லோ? உனக்கு எப்பிடி வந்தது?"

எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதைச் சொல்லத் தெரியாமல் தோளைக் குலுக்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். "பரவாயில்லை பிள்ளை. எனக்குப் பேர் வைச்சதும் வெள்ளைக்காரர்தான். ஆனால் எனக்கு அதுக்கு முதல் வேறை பேர் இருந்தது. அது என்னெண்டுதான் தெரியேல்லை."

உங்கள் கதையை ஒரே நாளில் நீங்கள் சொல்லவில்லை. வருடக் கணக்கில், துண்டு துண்டாகச் சொன்னீர்கள். கொங்கோவின் கிழக்கில் ஏரிக்கு மேலே ஒரு மலை. அப்பா பெல்ஜியக்காரர், தோட்டத்து அதிகாரி. அம்மா அந்த மலையில் பிறந்தவர். உங்களுக்கு நாலு வயதாகும்போது அரசாங்கத்தின் லொறி வந்தது. கலப்புப் பிள்ளைகள் கறுப்பரோடு வளர்ந்தால் நாளைக்குத் தங்களுக்கு எதிராக எழும்புவார்கள் என்று அந்த அரசுக்குப் பயம். அதனால் ஊர் ஊராகப் பிடித்துப் போய் மிஷன்களில் அடைத்தார்கள். பதிவேட்டில் அப்பாவின் பெயருக்கு நேரே "தெரியாது" என்று எழுதினார்கள். அப்பா அடுத்த மலையில்தான் இருந்தார்.

"அம்மாதான் என்னைத் தூக்கி லொறியில ஏத்தினவ." இதை மட்டும் நீங்கள் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரிச் சொன்னீர்கள். "இடுப்பில அவவின்ர ரெண்டு கையும் இருந்தது. இறக்கேல்லை, ஏத்தினவ. நல்லாய் ஞாபகம் இருக்கு." உன்னை உன் தாய் வேண்டாமென்று தந்துவிட்டாள் என்று கன்னியாஸ்திரிகளும் சொன்னார்களாம். நீங்கள் நம்பினீர்கள். ஏன் நம்பமாட்டீர்கள்? அந்தக் கைகளை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. வெள்ளையர்கள் போனார்கள். கன்னியாஸ்திரிகளும் லொறியில் ஏறிப் போனார்கள். அந்த லொறியில் பிள்ளைகளுக்கு இடமில்லை. துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு நீங்கள் வெள்ளையர் விட்டுப்போன எச்சம். அந்தக் கிழமையைப் பற்றி ஒரேயொரு தரம்தான் சொன்னீர்கள். அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு வயதுகூட இல்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுடையது.

கலியாணம் கட்டி, கணவரின் படிப்போடு மொன்றியல் வந்து, அவரையும் இழந்து, தனியே இருந்தீர்கள். ஏன் பிள்ளை பெறவில்லை என்று ஒருநாள் யோசியாமல் கேட்டுவிட்டேன்.

"விட்டிட்டுப் போறது ரத்தத்தில இருக்குமோ எண்டு பயம்," என்றீர்கள்.

அக்கா, அந்த ஒரு பொய் உங்கள் வயிற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜான்-டலோன் சந்தையில் கொங்கோப் பெண்கள் உங்களைக் கண்டு சுவாஹிலியில் ஆசையாகக் கதை தொடங்குவார்கள். நீங்கள் பிரெஞ்சில் பதில் சொன்னதும் அவர்கள் முகம் மாறும். பெரிய இடத்துப் பெண், தன் பாஷை பேச வெட்கப்படுகிறாள் என்று நினைப்பார்கள். உங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். மாஜி. தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் உங்கள் வாயில் பிரெஞ்சு நிற்கவில்லை. "மாஜி, மாஜி" என்றீர்கள். தாதிக்கு விளங்கவில்லை. நான்தான் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். அந்தச் சொல்லை உங்களுக்கு யார் தந்தது என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

உங்களைப் போலப் பிடித்துச் செல்லப்பட்ட பெண்கள் சிலர் பெல்ஜியத்தில் வழக்குப் போட்டு வென்றதை ரீவியில் பார்த்தீர்கள். பழைய ஃபைல்களைக் கேட்டு எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். நீங்களே படிவத்தை நிரப்பினீர்கள். மே மாதம், ஞாயிறு பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் நீட்டினீர்கள். அடையாள அட்டையைப் பிரதி எடுத்து, சேர்த்து, தபாலில் போடவேண்டும்.

அன்று நான் என் மகன் ஜெறோமைப் பற்றி உங்களிடம் அழுதுகொண்டிருந்தேன். நாலு மாதமாகப் பேசவில்லை, போன் எடுத்தால் வேலை என்கிறான், வாறன் என்கிறான், வருகிறானில்லை. உங்களுக்குத் தெரியும், அவனை மன்னாரில் என் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் நான் கனடா வந்தேன். அவனைக் கூப்பிட ஐந்து வருடம் எடுத்தது. விட்டபோது அவனுக்கு நாலு வயது.

நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "வேறை என்ன எதிர்பாக்கிறாய்? நாலு வயசில விட்டிட்டு வந்தனீ. விட்டிட்டுப் போற தாய்மாரை எனக்குத் தெரியும், பிள்ளை."

படிவம் இருந்த உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் குசினியில் கரண்டிகள் வைக்கிற லாச்சிக்குள் போட்டேன். அடுத்த நாள் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் குரல் கேட்டது. மூடினேன். ஜூனில் கேட்டீர்கள், "போட்டனியோ?" "ஓம் அக்கா." ஜூலையில் கேட்டீர்கள். "ஓம் அக்கா, அங்க மெதுவாய்த்தான் பாப்பினம்." உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான், ஓகஸ்ட் கடைசியில், ஓடிப்போய்ப் போட்டேன்.

மூன்று மாதம். கடிதம் தப்பியது பதினொரு நாளால்.

உங்களிடம் சொல்ல எத்தனையோ தரம் வாய் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதில் வந்ததோ?" என்று கேட்டீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உறையை என்னால் தனியே பிரிக்க முடியவில்லை. ஜெறோமுக்குப் போன் எடுத்தேன். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். "மார்த்தா அன்ரியின்ர கடிதம் வந்திருக்கு. பழைய பிரெஞ்சாய் இருக்கும். எனக்கு விளங்காது" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றான். உங்களுக்காக வந்தான், அக்கா. எனக்காக இல்லை. ஒன்பது வயதில் வந்து இறங்கியவனை மேசையில் இருத்தி, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க ஒவ்வொரு உச்சரிப்பாகச் சொல்லிக் கொடுத்தவர் நீங்களல்லவா?

அவன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். முதல் தாளில் உங்கள் பெயர் இருந்தது. ஃபுராஹா. அடைப்புக்குள், இனி மார்த்தா என அழைக்கப்படும் என்று இருந்ததாம். தாயின் பெயர் நபிந்து.

அடுத்த தாள் அந்த ஊர் அதிகாரி எழுதியது. பிள்ளையைத் தராவிட்டால் தாயின் தமையனைப் பிடித்து றோட்டு வேலைக்கு அனுப்புவோம் என்று ஊர்த் தலைவனை எச்சரித்தது பற்றி. அதன் பிறகு தாய் பிள்ளையை எதிர்ப்பில்லாமல் ஒப்படைத்தாள் என்று.

எதிர்ப்பில்லாமல். இடுப்பில் இருந்த அந்த இரண்டு கைகளையும் அவர்கள் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜெறோம் அடுத்த தாளைப் புரட்டினான். வாசித்துக்கொண்டு போனவன் நிறுத்தினான்.

"அம்மா. அவ வந்திருக்கிறா."

"ஆர்?"

"நபிந்து. மிஷனுக்கு வந்திருக்கிறா. மூண்டு தரம்."

முதல் தரம், பிள்ளை இப்போதுதான் பழகுகிறது, பார்க்கக்கூடாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் தரம், வேறு மிஷனுக்கு மாற்றிவிட்டோம் என்றிருக்கிறார்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். மூன்றாம் தரம் அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வந்து கேற்றுக்கு வெளியே இரண்டு நாள் இருந்திருக்கிறார். கடைசியில், இனி வராதபடி தாய்க்குத் தகவல் சொல்லப்பட்டது என்று ஒரு வரி.

"என்ன சொன்னவை?" என்று கேட்டேன்.

"அது எழுதேல்லை."

என்ன சொல்லியிருப்பார்கள், அக்கா? மூன்று தரம் மலையிறங்கி வந்தவளை நான்காம் தரம் வராமல் நிறுத்த என்ன சொல்லவேண்டும்? நீங்கள் செத்துப்போனீர்கள் என்றா?

என்னை வளர்த்ததும் கன்னியாஸ்திரிகள்தான். மன்னாரில் போர் நடந்து செல் விழுந்த நாட்களில் எங்களை மடியில் மறைத்து வைத்திருந்தவர்கள். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் எனக்கு அழுகை வரும். அந்த அன்பை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

வாசித்து முடித்த பிறகு ஜெறோமிடம் லாச்சிக் கதையைச் சொன்னேன். முழுவதும். அவன் என்னைத் திட்டவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கினான். பிறகு வேறொன்று கேட்டான்.

"அந்த அஞ்சு வருசத்தில நீங்கள் ஏன் ஒருக்காலும் வரேல்லை?"

"எனக்குக் கனடாப் பேப்பர் வரேல்லை. வெளிக்கிட்டா திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். பிறகு உன்னைக் கூப்பிடவே ஏலாது."

"தெரியும். பெரியம்மா சொன்னவ." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா வராதது வராததுதானே அம்மா."

போகும்போது உங்கள் ஃபைலைப் பிரதி எடுக்க அவன் கொண்டுபோனான். அடுத்த நாளே கொண்டுவந்து தந்தான். அதற்கு மேல் எங்களுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

எங்கள் கோயில் பங்கில் இருக்கும் கொங்கோப் பாதிரியாரிடம் தாள்களைக் காட்டினேன். ஃபுராஹா என்றால் சுவாஹிலியில் மகிழ்ச்சி என்றார். அந்த மலையின் பெயரைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "அங்கை இப்ப ஒருத்தரும் போக ஏலாது அம்மா. கீழ ஊர் ஆயுதக்காரரின்ர கையில. மலையைத் தோண்டுறாங்கள். போனுக்கும் கொம்பியூட்டருக்கும் தேவையான மண் அங்கதான் இருக்கு." அவர் பிரெஞ்சில் சொன்னதும் என் காதில் இப்படித்தான் விழுந்தது. வெள்ளைக்காரர் போய் இத்தனை வருடமாகியும் தோண்டுவது நிற்கவில்லையா என்று கேட்டேன். "வாங்கிற ஆக்கள் நிற்பாட்டேல்லையே," என்றார். அவருடைய போன் மேசையில் இருந்தது. என்னுடையது பைக்குள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிக்கிற இடத்தில் நீங்கள் இல்லை. அதுதான் நான் செய்ததன் முழுப் பாரம்.

ஆனால் அந்தக் கைக்குழந்தை. உயிரோடு இருந்தால் இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். ஆணா பெண்ணா என்று அந்தத் தாள் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு சகோதரம் இருக்கிறது, அக்கா. அல்லது அதன் பிள்ளைகள், எல்லைக்கு அப்பால் ஏதோ ஓர் அகதி முகாமில். முகாமில் பெயர் தேடுவது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிரியார் இரண்டு முகாம்களில் தனக்குத் தெரிந்தவர்களின் விலாசம் தந்தார். ஜெறோம் பிரெஞ்சில் எழுதினான். நேற்றுக் காலை, நான் என் கையாலேயே இரண்டு கடிதங்களையும் தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவேன். நபிந்துவின் பிள்ளையைத் தேடுகிறேன் என்று, எனக்குச் சீவன் இருக்கும்வரை எழுதுவேன். கிடைத்தால் முதலில் சொல்லப்போவது இதுதான்: உங்கட அக்கா சாகேல்லை. எழுபத்தாறு வயசுவரைக்கும் இருந்தவ. என்ர பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கினவ.

அந்தச் சகோதரம் கிடைக்கும்வரை
உங்களுக்கு இருக்கிற ஒரே தங்கச்சி,
ஸ்ரெல்லா