கடல் கடந்து வந்த காது மெஷின்

அனுப்புநர்:
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
மாடிப்படிக்குக் கீழுள்ள பட்டறை,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: வெளிநாட்டில் வாங்கிய செவித்துணைக் கருவியைப் பழுதுபார்க்க மறுத்ததும், அதில் என் தவறும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளாகக் காது மந்தம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர், சென்ற விடுமுறைக்கு வந்தபோது அக்காவுக்கென்று ஒரு காது மெஷின் வாங்கி வந்தார். வாரண்டி உலகம் முழுவதும் செல்லும் என்று அங்கிருந்த கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். வாரண்டி அட்டையில் இருந்ததோ எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத மொழி.

2. நான்கு மாதம் மெஷின் நன்றாக உழைத்தது. வகுப்பில் எந்தக் குழந்தை மூக்கை உறிஞ்சுகிறது என்பதுகூடத் தெரிகிறது என்று சொல்லிச் சிரிப்பாள். நான் முணுமுணுப்பதும் கேட்டுவிடுவதில் எனக்குத்தான் சற்றுச் சிரமம். பிறகு ஒருநாள் முகம் கழுவும்போது அது அவள் கைதவறித் தரையில் விழுந்தது. மறுவாரம் சத்தம் நின்றுவிட்டது.

3. அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரிலும் உள்ளது. அங்கிருந்த ஊழியர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இந்த நம்பரே எங்க லிஸ்ட்ல இல்ல சார், வாங்குன நாட்டுலதான் பாக்கணும்" என்றார். கட்டணம் தருகிறேன் என்றபோதும் கைவைக்க மறுத்துவிட்டார்.

4. இனி எழுதுவது எனக்குப் பாதகமானது. மறைக்க மனம் வரவில்லை. எரிந்துபோனது என்று தூக்கிப்போட்ட மோட்டாரையெல்லாம் ஓடவைத்தவன் என்ற கர்வத்தில், அன்றே பட்டறையில் வைத்து மெஷினின் சீலைக் கிழித்துத் திறந்தேன். என்னிடமுள்ள மிகச் சிறிய ஸ்குரூடிரைவரே அதற்குள் கடப்பாரை போலத் தெரிந்தது. முடியைவிட மெல்லிய கம்பியொன்று அறுந்துவிட்டது.

5. மூன்றாம் நாள் மைத்துனர் செய்தி அனுப்பினார். அந்த மாடலுக்கே உரிய கோளாறுதான், அனுப்பினால் புதிது தருவதாகக் கடையில் சொன்னார்களாம். அனுப்பினோம். சீல் பிரிந்திருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். மூன்று நாள் பொறுத்திருக்கலாம், ஐயா. அவசரக்குடுக்கையாக நடந்துகொண்டேன்.

6. என் மானத்தைக் காப்பாற்ற மைத்துனர் இதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளோ தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டு, "ஆசையா வாங்கிக் கொடுத்தியே, நான்தான் கீழ போட்டு கெடுத்துட்டேன்" என்று வீடியோ காலில் அவரிடம் அழுதாள். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

7. பள்ளி திறக்க ஒன்பது நாட்களே உள்ளன. அதற்குள் காது கேட்காவிட்டால் வகுப்பு கிடையாது, ஸ்டோர் ரூம் பொறுப்புதான் என்று தலைமையாசிரியை கூறிவிட்டார்.

ஆகவே, இங்குள்ள சர்வீஸ் சென்டர் கட்டணம் பெற்றாவது மெஷினைப் பழுதுபார்த்துத் தர உத்தரவிடுமாறும், வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பதை வாங்குகிறவர் படிக்கும் மொழியில் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்யுமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தபாலில் சேர்க்கும் முன் இம்மனுவை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடைசி வரிவரை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, என் பக்கம் நகர்த்தி வைத்தாள். மறுபடி எழுதாமல் அப்படியே அனுப்புவதைப் பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
(கையொப்பம்)

நாள்: 02.06
இடம்: பட்டறை
இணைப்பு: வாரண்டி அட்டை நகல், மெஷின்