அப்பா இழுத்துவிட்டுப் போன ஹாண்ட் பிறேக்

அன்பையும் ஏச்சையும் ஒரே மூச்சில் தந்த என் அப்பாவுக்கு,

ஓர்ஸ் ஹில் வாசிகள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், எங்கள் செங்கோழி இன்று தொடக்கம் மொரிஸ் மைனர் காரின் பின்சீற்றில் முட்டையிடும் உரிமையை இழந்துவிட்டது. கோழி கடும் ஆட்சேபம் தெரிவித்தது. எடுபடவில்லை.

ஓம் அப்பா, உங்கள் காரை எடுத்துவிட்டேன்.

உங்கள் முதலாம் வருடத்து ஆட்டைத் திவசம் முடிந்தது. ஒரு வருடமாக வீட்டுப் படி இறங்காத அம்மா முதன்முதலாகக் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும். ஹயருக்குக் கார் பிடிப்போம் என்றார் மாமா. "போனா அவற்ர காரிலதான் போவன். ஏலாட்டி வீட்டிலயே இருக்கிறன்" என்று அம்மா கதையை முடித்துவிட்டா. உங்களுக்குத் தெரியாத அம்மாவா? கோயில் மலையில் ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போது பக்கத்தில் கடல். பிறேக் இல்லாமல் இறங்கினால் நேரே உங்களிடம்தான் வந்து சேர்வோம்.

மிதித்துப் பார்த்தேன். பெடல் தரைவரை போய்ப் பேசாமல் படுத்துக்கொண்டது. என் வகுப்புத் தோழன் நசீரைக் கூப்பிட்டேன். அவனுடைய வாப்பா கிண்ணியாவில் லொறி ஓடுகிறவர்.

"பிறேக் பிடிக்குதில்லடா."

"எனக்கும்தான் பள்ளிக்கூடம் பிடிக்குதில்ல. அதுக்காக என்னைக் கழட்டிப் பாத்தவங்களா?"

"உன்னைக் கழட்டினா உள்ளுக்க ஒண்டும் இராது. ஜாக்கைப் பிடி."

பிறேக் ஒயில் வற்றிக் கிடந்தது. ஊற்றினோம். அப்போதும் பெடல் பஞ்சுதான். முன்பக்கத்து இடது சில்லின் உட்புறம் ஈரமாக இருந்தது. கழற்றினால், சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கருவாடாகி வெடித்திருந்தது. இறக்குமதித் தடையால் புதுச் சாமான் நாட்டுக்குள் வருவதே இல்லை. எங்கோ ஒரு கடையின் மூலையில் கிடந்ததை நசீரின் வாப்பா தேடிக் கொடுத்தார். அதைப் பூட்டிய பிறகு நான் மிதிக்க, அவன் நட்டைத் தளர்த்த, குழாய்க்குள் இருந்த காற்று போத்தலுக்குள் குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்றபோது பெடல் காலை எதிர்த்தது.

"ஆள் உயிரோட இருக்கு!" என்று கத்தினான் நசீர். பிறகு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தான்.

ஆனால் கார் நகரவில்லை. கியர் போட்டதும் ஒரு உதறல், என்ஜின் நின்றது. ஜாக்கில் ஏற்றினால் முன் சில்லுகள் சுழன்றன, பின் சில்லுகள் அசையவில்லை. நான் கியர்ப் பெட்டி என்றேன், அச்சு என்றேன், கடைசியில் கோழியின் சாபம் என்றேன். நசீர் கதவுக்குள் தலையை விட்டான்.

"டேய் விசரா, ஹாண்ட் பிறேக் இழுத்தபடி கிடக்கு!"

எனக்குத் தெரியாதா? அன்று பின்னேரம் வேலையால் வந்து அதை இழுத்தது நீங்கள். இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே இருந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு வான் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதன் பிறகு அந்தப் பிடியில் ஒருவரும் கை வைக்கவில்லை. வைக்காதே என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. உங்கள் கை இந்தக் காரில் கடைசியாகச் செய்த வேலை அல்லவா? அதை எப்படி அழிப்பது?

அழித்தேன் அப்பா. பொத்தானில் ஒரே அமத்து, இறக்கினேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும்விட்டேன்.

இறக்கியும் பின் சில்லுகள் விடவில்லை. கடற்காற்றில் துருவேறிப் பிறேக் கட்டைகள் ட்ரம்மோடு ஒட்டிப்போயிருந்தன. பிறேக் பிடிக்காத காரில் கறள் மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினோம். 'டக்' என்று ஒன்று விட்டது. வெகுநேரம் கழித்து மற்றதும்.

சமதரையில் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான் அம்மாவை ஏற்றினேன். கோயிலில் அம்மா என்ன கேட்டா என்று தெரியாது. இறங்கி வரும்போது, கோயில் பாதை போகும் கோட்டைக்குள் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. மிதித்தேன். ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது கார். மானும் நின்று எங்களைப் பார்த்தது.

"அப்பாவெண்டா இந்நேரம் மானுக்கு ஏசியிருப்பார்" என்றா அம்மா. ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தா. நான் றோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

சரி, உங்களிடம் எதற்கு மறைப்பு? ஒரே அமத்தில் இறக்கினேன் என்றேனே, அது நானில்லை. பிடியில் கை வைத்தேன். விரல் பொத்தானை அமத்தவே மறுத்துவிட்டது. நசீர் வேலிப்பக்கம் திரும்பி நின்றான். குசினியில் சமையலை விட்டு அம்மா வந்தா. "தள்ளு தம்பி" என்று, வாழ்க்கையில் முதல்முறையாக உங்கள் சீற்றில் ஏறி இருந்தா. பிடியைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தா.

"என்ன இறுக்கம். இந்த மனுசன் எப்பவும் இப்பிடித்தான்."

பிறகு மெதுவாக, சத்தமே வராமல் இறக்கினா.

அன்று நானாகச் செய்த ஒரே வீரச்செயல் கோழியைத் துரத்தியதுதான். அதுவும் இப்போது திரும்ப ஏறிவிட்டது.

இனி இந்தக் காரை நெடுநாள் நிற்க விடமாட்டேன். மேட்டில் நிறுத்தினால் ஹாண்ட் பிறேக்கை இழுக்காமல் சில்லுக்குக் கல் வைப்பேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா எங்கே கேட்டாலும் கூட்டிப்போவேன். இதில் மட்டும் பொய்யில்லை.

உங்கள் தீராத தலையிடி,
கடைசி மகன்