கரண்ட் போன பிறகும் அணையாத உங்கள் பெட்டி

என்னங்க, இன்றைக்குக் காலையில் நம் மிக்ஸி புகைந்துவிட்டது. சட்னிக்குத் தேங்காயைப் பெரிது பெரிதாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மோட்டார் திணறி அந்த வாசனை வந்தது. செம்புக் கம்பி மேல் பூசிய வார்னிஷ் சூடேறினால் வருமே, அதேதான். மற்ற வீடுகளில் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு மிக்ஸி விற்றவனைத் திட்டுவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டேன்.

செல்விதான் பல் துலக்கிய வாயோடு வந்து சுவிட்சை அணைத்தாள். "மிக்ஸிதாம்மா, உள்ள வா" என்றாள். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் பயந்தால் அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டு சிரிப்பீர்களே, உங்களுக்கப்புறம் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பும் இந்த மழைக்காலத்தோடு இந்த வீட்டில் நின்றுபோய்விட்டது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதி புரியாது, பாதிக்குச் சிரிப்பார்கள்.

உங்கள் பெட்டியின் வாசனை அது. பக்கத்துத் தெரு சொல்தா தாத்தா, பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர், மகனோடு இருக்க ஒரேயடியாகப் பிரான்சுக்குக் கிளம்பியபோது, "உனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று ரெக்கார்டு பிளேயரையும் அதன் பிரீஆம்பையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போன மனுஷன் சும்மா போயிருக்கக் கூடாதா? பிரீஆம்புக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி மட்டும் கருகிப் போயிருந்தது. உங்களுக்கு அது போதாதா! தட்டாஞ்சாவடி கம்பெனியில் பகலெல்லாம் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றிவிட்டு வருவீர்கள், வீட்டுக்கு வந்தும் அந்தப் பெட்டிக்குக் கம்பி சுற்றினீர்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒரு நாள் சொன்னீர்கள். ரெக்கார்டின் மேல் ஓடும் முள் எடுத்துத் தருகிற மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்க ஒரு பெட்டி, அதுதான் பிரீஆம்ப். அந்தப் பெட்டிக்குக் கரண்டைப் பக்குவமாகப் பிசைந்து ஊட்ட இன்னொரு பெட்டி. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "டிரான்ஸ்பார்மர் நடுங்கும்டி. அந்த நடுக்கம் பாட்டுல கலந்துடும். அதான் வெளில தனியா வைக்கிறது" என்றீர்கள்.

"அப்படின்னா இதுக்கும் தனிக்குடித்தனம். உங்க அம்மா இருந்தப்ப நான் கேட்டு அழுதேனே, அப்ப குடுக்கல. இரும்புப் பெட்டிக்குக் குடுத்துட்டீங்க" என்றேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

நானோ அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பேன். அந்தப் பழைய பிரீஆம்புக்குள் இருப்பது அந்தக்கால ரேடியோவில் வருமே, அந்தக் கண்ணாடி வால்வு, அதற்கு வீட்டுக் கரண்ட் பத்தாது, அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியா போயிடும்" என்று ஏதோ பஸ் ரூட் சொல்வதைப் போலச் சொன்னீர்கள். அப்படியும் ஒரு மாலை அது உங்களைத் தூக்கிச் சுவரில் அடித்தது. நான் அலறிக்கொண்டு ஓடிவந்தால், தரையில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, லேசா கடிச்சிடுச்சு" என்கிறீர்கள். ஆஃப் செய்து வைத்திருந்ததுதானாம். ஆஃப் செய்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் உயிர் தங்கியிருக்குமாம். முகப்பில் இருக்கிற சிவப்பு விளக்கு முழுக்க அணைந்த பிறகுதான் கை வைக்க வேண்டுமாம். இதைக் கேட்ட பிறகு எனக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

ஆயுத பூஜைக்கு நான் எட்ட நின்று துணி காயப்போடுகிற கோலின் நுனியில் சந்தனத்தைத் தொட்டு அதற்குப் பொட்டு வைத்தேன். "ஈரச் சந்தனத்தை அங்கயா வைப்ப?" என்று நீங்கள் பதறினீர்கள். நீங்கள் பதறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் வந்தது பேட்டரிப் பைத்தியம். எதிர்வீட்டுக் கலா தண்ணீர் மோட்டார் போட்டால் அந்த இரைச்சல் உங்கள் காதில் விழுமாம், அதுவும் பாட்டுக்குள்ளேயே. தெருவில் வருகிற கரண்டே அழுக்கு என்றீர்கள். மாடி அறையில் தனியாக பேட்டரி வைத்து, தனி இன்வெர்ட்டர் வைத்து, அங்கிருந்து மாடிப்படிச் சுவரோடு ஒரு தனி ஒயரைக் கீழே கூடத்துக்கு இறக்கினீர்கள். வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறதே, அதன் வழியாகக்கூட அதைக் கொண்டுபோகவில்லை. நடுவில் அது வந்தால் பாட்டு இறுகிவிடுமாம்! கூடத்துத் தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் செருகிய உங்கள் பெட்டி பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை மேல். அதை அணைக்கவே கூடாது, சூடேறி நிலைக்கு வர நாளாகும் என்று ராப்பகலாக எரியவிட்டீர்கள். கரண்ட் போனால் தெருவே இருட்டாகிவிடும், நம் வீட்டில் மட்டும் நாதஸ்வரம் கேட்கும். "ஊரே இருட்டானாலும் நம்ம பாட்டு நிக்காதுடி" என்று மீசையைத் தடவிக்கொள்வீர்கள்.

நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்குக் கை எட்டுகிற இடத்தில் இதை நிறுத்த ஒரு சுவிட்ச் வேண்டும், இல்லாவிட்டால் நான் கடலூருக்கு என் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று பையையும் எடுத்துவிட்டேன். "பயந்தாங்குளி, பயந்தாங்குளி" என்று முனகிக்கொண்டே மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு கறுப்பு சுவிட்சைப் பதித்தீர்கள். "கீழ தள்ளுனா கட். ஆனா தள்ளிடாத தாயே" என்றீர்கள். நீங்கள் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை.

நான் பயந்த கரண்ட் உங்களை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தீர்கள், அவ்வளவுதான். பெட்டி மட்டும் கூடத்தில் எரிந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி ரெக்கார்டு போட்டுக் கேட்பாள். நான் அடுப்படியில் இருந்துகொள்வேன். அணைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இந்த மழைக்காலத்தில் கடலில் புயல் நின்றுகொண்டு ஊரை ஊற்றித் தள்ளியது. வைத்திக்குப்பத்தில் படகுகளைத் தெருவுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நம் தெரு பள்ளம், உங்களுக்குத் தெரியாததா. விடிந்ததும் வாசல்படி முழுகிவிட்டது. அரிசி, சிலிண்டர், துணிமணி என்று கைக்கு வந்ததை நானும் செல்வியும் மாடிக்குச் சுமந்தோம். கரண்ட் ஆபீஸ்காரர்கள் ஏரியா முழுவதும் நிறுத்திவிட்டார்கள் என்று தெருவில் சத்தம் கேட்டது. மேலே நாங்கள் மூச்சு வாங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

தெருவில் கலா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு குரல் கொடுத்தாள். "கரண்டே இல்லக்கா, என்னா பயம்? நான் உள்ள வரேன், ஆளுக்குக் கொஞ்சமா தூக்கிடலாம்." நல்ல மனசு அவளுக்கு. அதைக் கேட்டதும் செல்வி, "ஐயோ, அப்பா ரெக்கார்டும்மா" என்று படியில் தடதடவென்று இறங்கினாள். அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துகொண்டிருந்தது. நானும் பின்னாலேயே போனேன். வானம் கறுத்துக் கூடமெல்லாம் இருட்டு. படி திரும்புகிற இடத்தில் நின்று கீழே பார்க்கிறேன், தண்ணீரில் சிவப்பாக ஏதோ ஆடுகிறது.

உங்கள் பெட்டியின் விளக்கு. ஊரே இருண்டு கிடக்கிறது, அது மட்டும் எரிகிறது. பெட்டி கருங்கல் பலகை மேல் இருந்ததால் நனையவில்லை, ஆனால் தரையில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி தண்ணீருக்கு அடியில் இருந்தது.

நான் கத்திய கத்தல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "உள்ள வராத கலா! வராத!" என்றேன். செல்வி கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கியிருந்தாள். பாய்ந்து அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். வலியில் அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. இழுத்த இழுப்பில் படி திரும்புகிற இடத்தில் வந்து விழுந்தாள்.

"விடும்மா! கரண்ட்தான் இல்லல்ல!"

"லைட்டப் பாருடி பாவி! பேட்டரில ஓடுதுடி!"

பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் யார் மகள் அவள்? "அலமாரி இந்தப் பக்கந்தான இருக்கு, அது கிட்டப் போக மாட்டேன், ஒரே நிமிஷம்மா" என்று மறுபடி திமிறினாள். உங்கள் குரல்தான், ஒரு எழுத்து பிசகவில்லை.

சுவிட்ச் என் தலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சுவர் முழுக்க ஈரம் கோத்து நின்றது. என் ஒரு கையில் அவள் சடை. மற்றக் கையால் சுவிட்சைத் தொட்டு எனக்கு அடித்தால் அவளுக்கும் அல்லவா அடிக்கும்? நீங்கள் முதுகுக்குப் பின்னால் மடக்குகிற கை நினைவுக்கு வந்தது. அவளை விட்டால்தான் சுவிட்சைத் தொடலாம். விட்டால் இறங்கிவிடுவாள். முருகா, அந்த நேரம் யாருக்கும் வரக்கூடாது. பிடித்தாலும் பயம், விட்டாலும் பயம். "உங்கப்பா மேல சத்தியம்டி, கால எறக்காத" என்று சொல்லிவிட்டு விரல்களைப் பிரித்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டேன். தோளில் கிடந்த காய்ந்த துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடித் தள்ளினேன்.

டக் என்றது. கண்ணைத் திறந்தால் செல்வி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விளக்கும் அப்படியே எரிந்தது.

சுவிட்ச் வேலை செய்யவில்லை, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உள்ளே கொஞ்ச நேரம் உயிர் தங்கும் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. படியில் உட்கார்ந்து அவளை இடுப்போடு கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் ரெக்கார்டுகள் ஒவ்வொன்றாக அலமாரியை விட்டு மிதந்து வந்தன. அட்டைகள் ஊறிப் பிரிந்தன. அவள் அழுதாள், இறங்கவில்லை. விளக்கு மெதுவாகச் சுருங்கிச் சுருங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய், அணைந்தது. அணைந்த பிறகும் நான் அவளை விடவில்லை. கலா வாசலில் நின்று, "என்னாச்சுக்கா, என்னாச்சுக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் வடிந்தது. ரெக்கார்டுகளில் பாதியைக் கழுவி நிழலில் காயவைத்து செல்வி காப்பாற்றிவிட்டாள். பெட்டியைச் சரி பண்ணலாமா என்று இதுவரை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒயரை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். என் பயம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று செல்வி தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் என்ன முகம் வைத்துக்கொண்டிருப்பீர்களோ.

ஆனால் அதோடு என் பயம் தீரவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். போனவருக்கு இனி என்ன ஆகப்போகிறது, இருக்கிறவளை நினைத்துப் பயப்படு என்று என் தம்பி சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? படுத்தால் அந்தக் கூடம்தான் வருகிறது, தண்ணீர்தான் வருகிறது. ஆனால் படியில் இறங்குவது செல்வி இல்லை, நீங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்க, வெறுங்காலோடு இறங்குகிறீர்கள். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இறங்கியிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே ஓடி வருகிறேன். செல்விக்குச் சடை இருந்தது, பிடித்தேன். வழுக்கைத் தலையும் வெறும் தோளுமாகப் போகிற உங்களை நான் எதைப் பிடித்து இழுப்பேன், சொல்லுங்கள்?