குருத்தோலை கட்டிய வீடுகள்

22 ஆகஸ்ட் 2021

அன்பு மருமகள் மார்லெனுக்கு,

கடல் காவல் தலைவர் ஓபெத் மாமா எழுதுவது. நானும் உன் மினா அத்தையும் கொரோனாவை விரட்டிவிட்டு நலம். அம்போன் நகர ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நடுவே நிற்கிற நீதான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் தீவின் டெலிபோன் கோபுரம் மின்னலில் விழுந்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். என் இருமலைக் கேட்டவர்களுக்குத்தான் உண்மை தெரியும். மூன்றாம் நாள் அந்தக் கொரோனா என் கால்மாட்டில் உட்கார்ந்து, "அண்ணே, என்னை விட்டுடுங்க" என்று அழுதது.

தேறியவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் தடுப்பூசி போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். வாயால் சொன்னால் நம் ஜனம் கேட்குமா? மீன் பெருகட்டும் என்று கடலுக்கு சாசித் தடை போட்டு வலையை நிறுத்துகிறோமே, அப்படியே போட்டுவிட்டேன். தேறிய வீடுகளின் வாசலிலெல்லாம் குருத்தோலை கட்டி, போதகர் ஜெபிக்க, நானே சங்கு ஊதினேன். மறுபடி என் சங்கு ஊதும்வரை ஒருவர் கையிலும் ஊசி இறங்காது. அரசாங்கத்தால் முடியுமா இது?

இப்படிக்கு,
ஓபெத், காவல் தலைவர்

3 அக்டோபர் 2021

அன்புள்ள மாமாவுக்கு,

மார்லென் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வார்டில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விதி மாறிவிட்டது. கடுமையாக நோய் கண்டவர்களுக்குத்தான் மூன்று மாதம். வீட்டிலேயே லேசாக வந்து தேறியவர்கள் ஒரு மாதம் கழிந்தால் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் இருவரும், குருத்தோலை கட்டிய மற்றவர்களும் அந்த வகைதான். தடுப்பூசிப் படகு இம்மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, நம் தீவுக்கு வருகிறது. அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேலைக்காற்று தொடங்கினால் படகு எப்படி வரும்? அத்தைக்குச் சர்க்கரை வேறு. தயவுசெய்து ஓலையை அவிழ்த்துவிடுங்கள்.

அன்புடன்,
மார்லென்

6 அக்டோபர் 2021

மருமகளே,

லேசாக வந்ததா? எனக்கா? அதை நீ நேரில் சொல்லியிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

திறக்கும் நாளைக் குறித்துத்தான் சாசி போட்டோம். அந்த நாள் வருமுன் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாத பிள்ளையா நீ? என் தாத்தா காலத்தில் ஒருவன் இரண்டு நாள் முன்னால் வலை போட்டான். சுறா அவனை விட்டுவிட்டு அவன் படகைத் தின்றது. ஊரே பார்த்தது.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நீ போய்ப் போட்டுக்கோ, வாசல் ஓலையை நான் பாக்கல" என்றுகூடச் சொன்னேன். அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை அவள். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், தலைவர் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா? நீங்க ஊதுங்க, நான் போறேன்" என்றாள். ஊதச் சொல்வது சுலபம். நவம்பரில் திறப்போம். படகைக் காத்திருக்கச் சொல்.

ஓபெத், காவல் தலைவர்

9 அக்டோபர் 2021

மாமா,

படகு காத்திருக்காது. நேற்று இங்கே ஒரு அம்மா இறந்துபோனார். போன வருடம் ஒருமுறை வந்து தேறியவர். இனி வராது என்று ஊசியைத் தள்ளிப்போட்டார். அத்தை வயது, அத்தைக்கு இருக்கிற அதே சர்க்கரை. கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்தது நான்.

காத்திருக்கச் சொன்னது நான். சாசி போட்டது நீங்கள். நான் சொன்னதை மாற்றிக்கொண்டேன், வெட்கப்படவில்லை. அத்தைக்கு ஏதாவது ஆனால் நான் ஊருக்கு வருவேன், ஆனால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன்.

மார்லென்

15 அக்டோபர் 2021

அன்பு மார்லெனுக்கு,

நேற்றுக் காலை படகு வந்து நங்கூரம் போட்டது. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு நர்ஸ் பெண்கள் மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குருத்தோலை வீட்டுக்காரர்கள் எல்லோரும் சன்னல் வழியாக என்னையே பார்த்தார்கள். உன் அத்தை நல்ல உடுப்பு உடுத்தி, தலைவாரி, வாசல்படிக்கு உள்ளேயே நின்றாள்.

ஊதினேன். மூன்று தீவுக்குக் கேட்டிருக்கும், நீகூடக் கேட்டிருப்பாய்.

பெரியவர் சாமுவேல் ஓடிவந்து, "ஓபெத்து, உனக்குப் பைத்தியமா? இன்னும் நாள் இருக்கேடா!" என்றார். "இருக்கு" என்றேன். "நாள் வராம திறந்தவன் தலைவர் தடியைக் கீழ வைக்கணும், தெரியுமில்ல?" "அந்தச் சட்டத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்யா" என்றேன். தடியை மணலில் வைத்தேன். கடல் ஒரு அடி பின்வாங்கியது. நம்பாவிட்டால் போ.

பிறகு நானே வீடு வீடாகப் போய் ஓலையை அறுத்தேன். உன் அத்தைதான் முதல் ஊசி. ஈட்டி நீளம் இருந்தது. அவள் கண்ணை மூடவே இல்லை. நான்தான் மூடிக்கொண்டேன், மணல் பறந்து விழுந்ததால். சாயங்காலம்வரை வரிசை நகர்ந்தது. இப்போது கை வலிக்கிறது என்று படுத்திருக்கிறாள். சாகோ மாவுக் கூழ் நான் கிண்டினேன். இந்தத் தீவில் இதுவரை யாரும் தின்றிராத கூழ்.

அடுத்த மாதம் கடல் சாசி திறப்பார்கள். வேறு யாரோ ஊதுவார்கள். முப்பது வருடமாக எல்லோருக்கும் முன்னால் நின்றவன் நான், கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அதை உன் அத்தையிடம் சொன்னேன். "என் பக்கத்துல நில்லுங்க. இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்றாள்.

மாமா