வாய் திறக்காத விருந்தாளி

வாண்டோ,
ஜூலை 17

மரியாதைக்குரிய உபதேசியம்மாவுக்கு,

நாரே எழுதுகிறேன். இங்கே யாருக்கும் நோய் இல்லை, சாவும் இல்லை. அந்த இரண்டுக்கு மட்டும் எழுது என்று சொல்லித்தான் முகவரியைக் கொடுத்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் உங்களால் இப்போது திட்ட முடியாது என்ற தைரியம்தான்.

நீங்கள் பேருந்து ஏறிய அன்றே யாங் மூப்பர் உங்கள் கைப்பேசியைச் சபையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் அணைக்க மறந்துவிட்டார். மறுநாள் விடியற்கால ஜெபத்தில் அது உள்ளே கிடந்து அலறியது. யாரடா இந்த நேரத்தில் என்று பார்த்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பியோ அம்மாதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். "ஜெபத்தை ஆரம்பிச்சு வைக்க ஆள் இல்லையே, அவ எங்க இருக்கான்னு கேக்கலாம்னு பார்த்தேன்" என்றார். நீங்கள் ஊரில் இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்ததாம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் "கர்த்தாவே" என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட்ட பிறகுதானே எல்லோரும் ஒன்றாக வாய்விட்டு ஜெபிப்பார்கள். போதகரும் அடுத்த தீவுக்குப் போயிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் கடற்பாசி காயவைக்கும் சோக் ஐயா எழுந்தார். அக்கரையில் நிற்கும் படகைக் கூப்பிடுகிற குரல் அவருக்கு. இப்போது அதில் ருசி கண்டுவிட்டார், வேறு யாருக்கும் இடம் விடுவதில்லை.

சபைக் கதவைத் திறப்பதும் விளக்குப் போடுவதும் ஒழுங்காக நடக்கிறது. மழைக்காலத்தில் பாய்களில் பூஞ்சை வந்துவிடக்கூடாது என்று தினமும் மின்விசிறியை ஓடவிடுகிறேன்.

குவாங்ஜு டாக்டர் சொன்னதை மறக்காதீர்கள். தொண்டையில் வந்திருக்கும் முடிச்சு கரைய வேண்டுமானால் கோடை முடிகிறவரை ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுப்புகூடக் கூடாது. மீறினால் இனிப் பாடவே முடியாமல் போகலாம். ஏழு வருஷம் உழைத்த பிறகு சபை கொடுத்த ஓய்வு இது. அதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டு இல்லாத சபைக்கு எனக்கு வரவே பிடிக்கவில்லை. இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

தங்கள் அன்பை மறவாத,
ஓக் நாரே

◆

ஜொங்சொன்,
ஜூலை 22

என் நாரேவுக்கு,

உன் கடிதத்தைத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படித்தேன். சத்தமாகச் சிரிக்கவும் கூடாதே.

நல்ல இடம் இது. உருளைக்கிழங்குத் தோட்டத்து வீட்டில் ஓர் அறை. வீட்டுக்காரம்மா மேங், என்னைவிட மூத்தவர், தேவைக்கு மேல் பேசாதவர். இங்கேயும் நான்கு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. முதல் நாள் வாசலைப் பெருக்கினேன். மேங் அம்மா வெளியே வந்து, துடைப்பத்தைப் பிடுங்கிக் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஓடையில் கால் நனைத்தேன். எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா, ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீரைப் பார்த்து.

ஆனால் நேற்று ஒரு கூத்து நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில் இருக்கும் சிறிய சபைக்கு மேங் அம்மாவோடு போனேன். உபதேசி என்று காட்டிக்கொள்ளாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அறிவிப்புகள் முடிந்ததும் புதியவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். பெயர் சொல்லச் சொன்னார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன்.

போதகர் சின்ன வயசுப் பையன். அவன் கண் கலங்கிவிட்டது. "இந்தச் சகோதரிக்குப் பேச்சு வராது" என்றான்.

"காதும் கேக்காதோ?" என்று முன்னால் ஒரு குரல்.

"கேக்குது, கேக்குது. பாட்டுக்குத் தலையாட்டுனாளே."

"ஐயோ, இவ்வளவு லட்சணமா இருந்துட்டு!"

நான் கையை அசைத்து இல்லை இல்லை என்றேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா கைக்குட்டை கொடுத்தார். அதற்குள் "கர்த்தாவே" என்று மூன்று முறை கூப்பிட்டாயிற்று. என் நாவைக் கட்டவிழ்க்கச் சொல்லிச் சபை முழுதும் கூரை அதிர ஜெபித்தது. முடிவில் ஆமென் என் வாய்வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்து விழுங்கினேன். அதோடு விடவில்லை. இந்த வாரம் முழுக்க விடியற்கால ஜெபம் எனக்காகவாம். கிழங்கு தோண்டுகிற நாளில், முதுகு ஒடிந்து தூங்குகிறவர்கள், எனக்காக எழுந்து வருகிறார்கள்.

அடுத்த ஞாயிறு நான் பேசினால் அற்புதம் என்பார்கள். பேசாவிட்டால், ஊமை என்று நம்பவிட்ட ஏமாற்றுக்காரி ஆவேன். எழுதிக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், ஒரு உபதேசி ஒரு சபையை இப்படி நம்பவிட்டுவிட்டாளே என்று கை ஓடவில்லை. சனிக்கிழமைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். வாண்டோவுக்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பாங் சுனே

◆

வாண்டோ,
ஜூலை 24

உபதேசியம்மாவுக்கு,

வராதீர்கள். விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

இங்கே வந்தால் உங்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அலமாரி திறந்து கைப்பேசி உங்கள் கைக்கு வந்துவிடும். பியோ அம்மா மருமகளைப் பற்றிச் சொல்ல வருவார், நீங்கள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். நேற்று யாங் மூப்பர் கடைவாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளின் கோடை வகுப்பு நெருங்குகிறது, பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, ஒரே ஒரு நாள் உங்களைக் கூட்டிவர வேண்டுமாம்.

"உனக்கு மட்டும்தான் முகவரி தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"அவங்க குரல் போயிடும். சொல்ல மாட்டேன் மூப்பரய்யா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சோக் ஐயாவுக்குப் பிள்ளைகள் பாட்டு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

உங்களுக்கு நான் யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த விஷயம். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குப் பேச்சே வராது, அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பேசாதவளைப் பற்றி மற்றவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிக்கொள்வார்கள். அது பேசாதவள் செய்த ஏமாற்று இல்லை. ஆனால் நாள் போகப் போக அந்தக் கதை கெட்டிப்பட்டுவிடும். ஆகவே இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். போதகரிடம் வேண்டாம், அவர் மேடையிலிருந்து சொன்னால் இன்னொரு பிரசங்கம் ஆகிவிடும். பாத்திரம் கழுவும் இடத்தில், நிறையப் பேசுகிற அம்மா ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார். அவரிடம் கொடுங்கள்.

அவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். கோபத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் உத்தரவு.

நாரே

◆

ஜொங்சொன்,
ஜூலை 29

என் கண்ணான நாரேவுக்கு,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்கால ஜெபம் முடிந்து சமையலறைக்குப் போனேன். கைக்குட்டை கொடுத்த அம்மா, பெயர் தாக், அரிசி களைந்துகொண்டிருந்தார். என் தாளை ஈரக் கையால் வாங்கி, முற்றத்துக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார். நான் உபதேசி, தொண்டையில் முடிச்சு, டாக்டர் பேசக்கூடாது என்றார், உங்களைத் தப்பாக நினைக்கவிட்டதற்கு மன்னியுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

முற்றத்தில் நின்ற போதகத் தம்பிக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஒரு பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அப்ப அஞ்சு நாளா நாங்க எழுந்தது?" என்றார். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

தாக் அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். "தொண்டைக்குத்தானே ஜெபிச்சோம்? முடிச்சும் தொண்டையிலதானே இருக்கு? ஜெபம் சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கு. நீ போய்க் கிழங்கைத் தோண்டு."

முதலில் சிரித்தது அந்தப் பெரியவர்தான். பிறகு எல்லோரும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டேன். நேற்று ஆராதனையில் என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. பாட்டு வந்தபோது தாக் அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டே பாடினார், நான் பாடிவிடக்கூடாது என்று. எழுந்து நின்று வழிநடத்தாமல் ஒரு பாட்டைக் கடைசிவரை கேட்டது, எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை. அழுதேன். அதற்கும் கைக்குட்டை வந்தது.

யாங் மூப்பரிடம் நீ சொன்ன "சொல்ல மாட்டேன்" என்ற அந்த இரண்டு வார்த்தையை அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மேங் அம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் சோற்றுப் பருக்கை வைத்து அழுத்திவிட்டார்.

கோடை முடிகிறவரை இங்கேதான். சோளம் வெந்துவிட்டது போலிருக்கிறது, மணம் வருகிறது. இந்த வீட்டில் சாப்பிட யாரையும் கூப்பிடுவதில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறுவதற்குள் போகிறேன்.

உன்,
சுனே