தேவியார் நட்ட காவற்கல்

வானம் வேளைக்குப் பொழிக. முள்ளிக்காட்டில் மானும் தேனும் குறையாதிருக்க. வேட்டுவர் வில்லின் நாண் என்றும் தளராதிருக்க.

ஆலங்கரை நாட்டின் அரியணையில் பாதிக்கு உரியவரும், பேராற்றுக்கு ஏழு மதகு கட்டுவித்தவரும், சேந்த அரையரின் பட்டத்தரசியுமாகிய கோதைநங்கைப் பெருந்தேவியார், முள்ளிக்காட்டு வேட்டுவர் குலத்து மருத்துவச்சி கொற்றியாருக்கு விடுக்கும் ஓலை. தேவியார் சொல்லச் சொல்ல ஓலைநாயகம் சாத்தன் எழுதியது. ஒரு சொல்லையும் பூசி மெழுகக் கூடாது என்பது கட்டளையாதலால், எழுத்தாணி கூசிய இடங்களிலும் சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

கொற்றியாரும் அவர் குடியும் நலமே வாழ்க. இவ்வாழ்த்தைத் தேவியார் இருமுறை தொடங்கி நிறுத்தி, மூன்றாம் முறைதான் சொல்லி முடித்தார். அதையும் எழுதச் சொன்னார்.

செய்தி யாதெனில், அரையர் மூன்று நாளாகப் படுக்கையில் கிடக்கிறார். உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, காரணமின்றிச் சிரிக்கிறார், உடனே அழுகிறார், ஒரு வாய்க் கஞ்சியும் உள்ளே தங்கவில்லை. அரண்மனை மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இவ்வோலை கண்டதும் கொற்றியார் புறப்பட வேண்டும். நோய் எப்படி வந்தது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாதென்பதால், தேவியார் மறைத்ததெல்லாம் கீழே வருகிறது.

அரையரின் இடத்தொடையில் பழைய வேற்காயம் உண்டு. மழைக்காலம் வந்தால் அது உயிரை வாங்கும். பதினெட்டு ஆண்டுகளாக அக்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தவை தேவியாரின் கைகள். உள்ளங்கை தடித்துக் கிடக்கிறது. சென்ற கார்த்திகையில் வேட்டைக்குப் போன இடத்தில் அரையர் வலி தாங்காமல் சாய்ந்தபோது, கொற்றியார் கஞ்சா இலையை நெய்யில் காய்ச்சி ஒரு கரண்டி கொடுத்தார். அரையர் அன்று பகல் முழுதும் பிள்ளைபோல் உறங்கினார். அதன்பின் வலி எடுக்கும் போதெல்லாம் கொற்றியைக் கூப்பிடு என்பதே அவர் வாயில் வந்தது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தவரின் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தேவியாருக்கு வயிறு எரிந்தது. ஒரு நாட்டுக்கு அரசியானவர் ஒரு காட்டுப் பெண்ணிடம் பொறாமைப்படலாமா என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்தார், எரிச்சல் அடங்கவில்லை.

அம்மருந்தைத் தம் கையால் கொடுத்து, இனி அந்தப் பெயரே அரையர் வாயில் வராமல் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கோட்டைக்குள் பயிரிட்டால் அரையர் காதுக்குப் போய்விடும். ஆகவே காட்டோரப் பள்ளத்தாக்கில், உயர்ந்த துவரைச் செடிகளுக்கு நடுவே, நந்தவனக்காரன் அரங்கன் கஞ்சாவை வளர்த்தான். ஆனால் உடைந்த புல்லைப் பார்த்தே மான் போன வழி சொல்லும் வேட்டுவர் கண்ணில் அது படாமல் எத்தனை நாள் இருக்கும்? அவர்கள் கண்டால் அன்று மாலையே கொற்றியார் அறிவார்.

அதற்கும் தேவியாரே வழி கண்டார். பள்ளத்தாக்கின் வாயிலில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, செந்துகில் கட்டி, அங்கே ஒரு கொடுந்தெய்வம் வந்து இறங்கியிருக்கிறது, எல்லை மிதித்தவர் இரத்தம் கக்குவர் என்று சந்தையில் பேச்சைப் பரப்பினார். அரண்மனையார் அஞ்சி அந்தத் திக்கில் தலைவைத்தும் படுக்கவில்லை. வேட்டுவரும் அப்படியே விலகுவர் என்று நம்பினார்.

இங்கேதான் தேவியாரின் அறிவு சறுக்கியது. புதிதாக ஒரு தெய்வம் வந்திருக்கிறதென்று கேட்டால், அதற்குப் பங்கு வைக்காமல் வேட்டுவர் ஒரு வாய் உண்ண மாட்டார்கள் என்பது அரண்மனையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாளே பறையும் கொம்பும் முழங்க, பன்றித் தொடையோடு குலம் முழுவதும் வந்து இறங்கியது. எவரையும் அண்டவிடாமல் நட்ட கல், அவர்கள் அத்தனை பேரையும் வருந்தி அழைத்து வந்துவிட்டது. அரங்கன் புதருக்குள் பதுங்கிக்கொண்டான்.

செடிகளைக் கண்ட இளைஞர் பறிக்கப் போனபோது, கொற்றியார் தடுத்து, இது ஆத்தாள் யாருக்கோ வைத்திருக்கும் மருந்து, நம் கை படக் கூடாது என்று சொன்னதாக அரங்கன் வந்து கூறினான். அதோடு நிற்கவில்லை. வேட்டுவர் மான் நுழையாதபடி முள்வேலியை உயர்த்தினார்கள். வெயில் நாளில் சுரைக்குடுக்கையில் நீர் சுமந்து ஊற்றினார்கள். கொற்றியார் புறப்படுமுன் புதரைப் பார்த்துச் சிரித்து, சுட்ட இறைச்சியைத் தேக்கிலையில் வைத்துவிட்டுப் போனாராம். அரங்கன் அதைத் தின்று, அதன் ருசியைத் தேவியாரிடமே புகழ்ந்தான். அவனுக்கு அதற்குமேல் பேச வாய்ப்பளிக்கப்படவில்லை.

ஆக, கொற்றியாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு சொல் வெளியே விடவில்லை. கொற்றியார் ஏசியிருந்தாலும் தேவியார் பொறுத்திருப்பார். இந்தப் பெருந்தன்மையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆள் உயரம் வளர்ந்து நின்ற செடிகளைப் போய்ப் பார்த்தபோது, அவற்றில் கொற்றியாரின் கைதான் தெரிந்தது. உடனே அறுக்கச் செய்தார். இலையை நெய்யில் காய்ச்சி இறக்கியதும், கொற்றியார் கொடுத்தது ஒரு கரண்டி என்றால் தாம் கொடுப்பது மூன்று கரண்டி என்றார். அது தகாது என்று மருத்துவர் காலில் விழுந்து தடுத்தார். தேவியார் தம் கையாலேயே மூன்றையும் ஊட்டினார். அரையர் இப்படிக் கிடப்பது எதிரி செய்ததன்று, தெய்வம் செய்ததுமன்று.

ஆதலால் ஆணையாவது: தேவியாரின் சொந்தப் பல்லக்கு இவ்வோலையுடன் வருகிறது. கொற்றியார் அதில் ஏறித் தலைவாயில் வழியாகவே கோட்டை புக வேண்டும். வேண்டுவது மோரோ வேரோ வேறெதுவோ, அவர் சொன்ன நொடியில் கொண்டுவரப்படும். அரைத்துக் கொடுக்கத் தேவியாரே அம்மியடியில் இருப்பார். நட்ட கல்லை எவரும் பெயர்க்கக் கூடாது. பொய்யாக நட்டதாயினும் வேட்டுவர் கும்பிட்டதால் அது தெய்வமே. பேராற்றில் நீர் ஓடுங்காலமெல்லாம் அப்பள்ளத்தாக்கு அத்தெய்வத்துக்கும் வேட்டுவர் குலத்துக்கும் உரியது. இதை மறுப்பவர் ஆலங்கரையின் பகைவர் எனக் கொள்ளப்படுவர்.

தேவியார் திருவாய் மலர்ந்தபடி எழுதி, இரட்டைக் கெண்டை முத்திரை இட்டது. ஓலைநாயகம் சாத்தன் எழுத்து.

முத்திரைக்குக் கீழே உள்ள வரி சாத்தன் எழுதியதன்று. அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தேவியார் தம் கையால் கீறியது:

கொற்றி, இது ஆணை இல்லை. அவர் தெளிந்து கண் விழிக்கும்போது நீ கொஞ்சம் தூண் மறைவில் நின்றுகொள். முதலில் என் முகம் படட்டும்.