நீர் கொடுத்துச் சென்ற உடல்

நேற்று மாலை நிலவறையிலிருந்த உமது பெட்டியைத் திறந்தேன். எங்கள் பார்க்டேல் பகுதிக்குப் புதிதாக வந்து சேர்ந்த குடும்பமொன்றுக்கு உம்முடைய குளிருடுப்புகளைக் கொடுக்கலாம் என்று எண்ணியிருந்தேன். கம்பளிகளுக்கு அடியில் இறுகக் கட்டிய பிளாஸ்ரிக் பை ஒன்று கிடந்தது. முடிச்சை அவிழ்த்த கணமே அந்த நெடி முகத்தில் அறைந்தது. இறந்த உடல்களைக் கெடாமல் காக்கும் மருந்தின் நெடி. உள்ளே உமது வெள்ளை மேலங்கி. பெட்டியின் மூடியைப் பிடித்தபடி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டேன். நீர் இறந்து எட்டு மாதமாகியும் அந்த நெடி போகவில்லை.

நாம் மணமுடித்தபோது ஊரில் விலங்கியல் கற்பித்தவர் நீர். ரொறன்ரோவுக்கு வந்து சில ஆண்டுகள் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றீர். நாற்பது வயதில் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பிசியோதெரப்பி மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, நானே மோதகம் அவித்துப் பிள்ளையாருக்குப் படைத்தேன். நோயாளரின் கைகால்களை நீவி நடக்கப் பழக்கும் படிப்பு என்றுதான் விளங்கியிருந்தேன். வகுப்புத் தொடங்கிய வாரமே ஒரு மாலை நீர் வந்து, கை கழுவி, சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு, தேநீரோடு என் முன்னால் அமர்ந்தீர்.

“இண்டைக்கு ஒரு ஆச்சியின்ரை கையைப் பிரிச்சுப் பாத்தனாங்கள். உள்ளுக்கு எவ்வளவு வடிவு தெரியுமே!”

“எந்த ஆச்சி?” என்றேன்.

“செத்த ஆச்சிதான். வெள்ளைக்காரி. படிக்கிற பிள்ளையளுக்கெண்டு தன்ரை உடம்பைக் குடுத்திட்டுப் போனவ.”

தேநீர் என் வேட்டியில் சிந்தியது. பிணத்தைத் தொட்ட கையால் விளக்கேற்றியிருக்கிறீர்! நானோ செத்தவீடுகளில் சுண்ணப் பாட்டுப் பாடுகிறவன். உடலுக்குச் சாத்தும் சுண்ணப் பொடிக்காக உரலில் மஞ்சளும் அறுகும் இட்டு உறவினர் இடிக்க, தலைமாட்டில் நின்று பாடுவேன். திரும்பினால் தலை முழுகாமல் எதையும் தொடமாட்டேன். நீரும் அவ்வாறே முழுகவேண்டும், மேலங்கி பையில் கட்டப்பட்டுப் பல்கனியில் இருக்கவேண்டும் என்று அன்றே விதித்தேன். நீர் முகம் சுளிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு மாசத்திலை ஒரு செத்தவீடு. எனக்குத் திங்களும் புதனும் செத்தவீடு. முழுகி முழுகித் தடிமன் பிடிச்சா நீங்கள்தான் கொத்தமல்லி அவிக்கவேணும்.”

அவித்தேன். அந்த மாரி முழுவதும் அவித்தேன்.

ஆண்டு முடிவில், உடல் ஈந்தவர்களுக்கு மாணவர் நன்றி செலுத்தும் கூட்டமொன்றுக்கு என்னையும் அழைத்துச் சென்றீர். அந்த ஆச்சியின் மகன் வந்திருந்தார். நீர் அவருடைய கையைப் பற்றி ஏதோ சொன்னீர்; அந்தப் பெரிய மனிதர் குழந்தைபோல் விம்மினார். திரும்பும் வழியில், தெருரயிலில் என் அருகிலிருந்து, “எனக்கும் உதுதான் வேணும்” என்றீர்.

“எது?”

“நான் செத்தா என்னையும் அங்கை குடுத்திடுங்கோ.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஆக்கள் பார்க்கினம்.”

“பார்க்கட்டும். இதுக்குள்ளை ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?”

“எனக்கு விளங்குது அக்கா,” என்றாள் பின்னால் இருந்த ஒரு பெண்.

நீர் வாய்விட்டுச் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நீர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னீர்: “உடம்பு எங்கடையில்லை, இரவல் எண்டு செத்தவீடு செத்தவீடாப் பாடுறது ஆர்? நீங்கள்தானே. நான் அதை நம்பினனான்.”

சிவனே! நான் பாடியதை ஒருவர் நம்பியிருக்கிறார். யாக்கை நிலையாது என்று நான் உருகிப் பாடிய இடங்களிலெல்லாம் சனங்கள் அழுதார்கள், கண்ணைத் துடைத்தார்கள், பிறகு காரை எங்கே நிறுத்தினோம் என்று தேடினார்கள். நானும் அப்படித்தான். அந்த அடிகளின்படி ஒருவர் நடந்துகாட்டக்கூடும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. அதுவும் என் வீட்டுக்குள்ளிருந்தே.

படிப்பு முடிந்து வேலையும் கிடைத்தபின், இந்த வருடம் தையில் நீர் போனீர். காலையில் வேலைக்குப் போனவர், நோயாளி ஒருவரின் கையைப் பிடித்தபடியே சரிந்தீராம். ஆசுப்பத்திரியில் வைத்தியர் என்னிடம் வந்தார். நீர் எழுதிக் கொடுத்திருந்ததால் உமது விருப்பம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் என் சம்மதமின்றி உம்மை எடுக்கமாட்டார்கள். மிசிசாகாவிலிருந்து ஓடிவந்த உம்முடைய தம்பி என் கையைப் பற்றிக்கொண்டார்.

“அத்தான், ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அக்காவை வெட்டவோ குடுக்கப்போறியள்? உங்களுக்குப் பிள்ளையில்லையெண்டு யோசிக்காதேங்கோ, என்ரை மகன் கொள்ளி வைப்பான். சுண்ணம் பாடுறவற்றை பெண்சாதிக்கே சுண்ணமில்லையெண்டு சனம் சிரிக்கும்.”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் என் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தது. உம்மை நெருப்பிடம் ஒப்படைப்பது என் கடன் என்றே எல்லா நூலும் எனக்குக் கற்பித்திருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால், அதன் பின் எந்தத் தலைமாட்டில் நின்று அந்த அடிகளைப் பாடுவேன்? “ஓம்” என்ற சொல் வெளியே வந்தது. என் குரல்தானா என்று நானே திடுக்கிட்டேன்.

வாகனம் வரும்வரை உம்மருகில் நின்று பாடினேன். உரலில்லை, உலக்கையில்லை, மஞ்சளில்லை. இரண்டாம் பாட்டில் உம்முடைய தம்பி அழுதபடியே கட்டிலின் ஓரத்தைக் கைமுட்டியால் தட்டத் தொடங்கினார், உலக்கை விழும் தாளத்தில். தாதி ஒருத்தி வந்து பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இப்போது புரட்டாதி. வகுப்புகள் தொடங்கியிருக்கும். எங்கோ ஒரு மேசையருகில், நான் அறியாத ஒரு பிள்ளை உமது வலக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். மணவறையில் நான் பற்றிய கை. அதன் உள்ளே இருப்பதையெல்லாம் அந்தப் பிள்ளை ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாக அறிந்துவிடும். ஆனால் பெருவிரலின் அடியில் ஒரு தழும்பு உண்டே. இந்த நகரில் நமது முதல் வருடப் பிறப்பன்று, பலாப்பழம் அடைத்த தகரத்தைத் திறக்கையில் வெட்டியது. இரத்தம் சொட்டச் சொட்ட, “பழம் வீணாப் போகேல்லை” என்று நீர் சிரித்தது. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அது என்னிடம் இருக்கிறது.